நிரல் மேசை: மாடலில் இருந்த மதிப்பு வியூவில் ஏன் காணோம்?

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: மாடலில் (தரவைக் கையாளும் பகுதி) ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்தாயிற்று, வியூவில் (பக்கத்தைக் காட்டும் பகுதி) அது வரவில்லை. பிஎச்பி என்ற இணைய நிரல் மொழியில் எழுதத் தொடங்கும் எவரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் இது. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒரு குறிப்பு. இங்கே நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே அச்சிடுகிறோம். திஸ், நியூ, இன்க்ளூட் போன்ற மொழிச் சொற்களை மட்டும் நீங்கள் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். $தாமதம், $நூல் போன்ற பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் பிஎச்பி மறுக்காது; கோப்பை யுடிஎஃப்-8ஆகச் சேமித்தால் போதும்.

கேள்வி: எட்டு மாதமாக பிஎச்பி படித்து வருகிறேன். ஃபிரேம்வொர்க் (ஆயத்த நிரல் கட்டமைப்பு) எதுவும் இல்லாமல், ஒரு நூலகத்துக்கான கடன் பதிவேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கடன்பதிவு' என்ற மாடல் கிளாஸில் எண்ணு() என்ற மெத்தட், தாமதமான நூல்களை எண்ணி $திஸ்->தாமதம் என்பதில் வைக்கிறது. மெத்தடுக்குள் வார்டம்ப் (ஒரு மாறியின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஃபங்ஷன்) போட்டால் 7 என்று சரியாக வருகிறது. வியூ கோப்பில் அதே கிளாஸிலிருந்து அதே மாறியைக் காட்டினால் 0. அதே கிளாஸில் இருக்கும் அபராதம்() மெத்தடிலும் சில நேரம் 0 வருகிறது. மூன்று கோப்புகளையும் வார்டம்ப் வெளியீடுகளையும் இணைத்திருக்கிறேன். குளோபல் மாறியாக மாற்றினால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். விடை நீங்கள் அனுப்பிய வெளியீட்டிலேயே இருக்கிறது.

மெத்தடுக்குள் எடுத்த வார்டம்ப்பின் முதல் வரியைப் பாருங்கள். கடன்பதிவு என்ற பெயரை அடுத்து #2 என்று இருக்கிறது. வியூவில் எடுத்ததில் அதே இடத்தில் #5. அது அந்த ஆப்ஜெக்டின் அடையாள எண். நீங்கள் 'அதே மாறி' என்று நினைத்தது இரண்டு வேறு ஆப்ஜெக்டுகளில் இருக்கும் இரண்டு வேறு மாறிகள். கிளாஸ் என்பது அச்சடித்த வெற்றுப் படிவம். நியூ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து புதுத் தாள் ஒன்றை உருவுகிறீர்கள். முதல் தாளில் 7 என்று எழுதிவிட்டு, அடுத்த தாளை உருவி அதில் 7ஐத் தேடினால் கிடைக்காது. அதில் படிவத்தோடு அச்சாகி வந்த 0தான் இருக்கும். உங்கள் கிளாஸில் தொடக்க மதிப்பு 0 என்றுதானே கொடுத்திருக்கிறீர்கள்?

அந்தப் புதுத் தாளை எங்கே உருவினீர்கள் என்றும் தேடிப் பார்த்தேன். வியூ கோப்பின் 4ஆம் வரி:

$பதிவு = நியூ கடன்பதிவு($தரவுத்தளம்);

இந்த வரியே தேவையில்லை. கன்ட்ரோலரில் (கோரிக்கையை வாங்கி மாடலையும் வியூவையும் இணைக்கும் பகுதி) $பதிவு என்ற பெயரில் ஆப்ஜெக்டை உருவாக்கி, எண்ணு() மெத்தடைக் கூப்பிட்டு, அதன்பிறகுதான் வியூ கோப்பை இன்க்ளூட் செய்திருக்கிறீர்கள். இன்க்ளூட் செய்யப்படும் கோப்புக்கு, இன்க்ளூட் என்ற வரி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தின் மாறிகள் எல்லாம் அப்படியே கிடைக்கும். ஆக 7 இருக்கும் $பதிவு உங்கள் வியூவின் வாசலுக்கே வந்து நின்றிருக்கிறது. 4ஆம் வரியில் அதே பெயருக்குப் புது ஆப்ஜெக்டைக் கொடுத்து, வந்ததை நீங்களே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அந்த ஒரு வரியை அழித்துப் பாருங்கள், 7 வரும்.

அடையாள எண்ணைப் பார்க்க ஒவ்வொரு முறையும் வார்டம்ப் போட வேண்டியதில்லை. பிஎச்பி 7.2 முதல் எஸ்பிஎல்_ஆப்ஜெக்ட்_ஐடி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆப்ஜெக்டைக் கொடுத்தால் எண்ணை மட்டும் தரும். ஒன்றில் கவனம் வேண்டும். ஓர் ஆப்ஜெக்ட் அழிந்தபின் அதன் எண் வேறொன்றுக்குப் போகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும்போது ஒப்பிட்டால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

இனி அபராதம்(). இங்கே இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, அதனால்தான் 'சில நேரம்'.

முதலாவது, வரிசை. பட்டியல் பக்கத்தில் எண்ணு() முதலில் ஓடுகிறது, பிறகு அபராதம்(). உறுப்பினர் பக்கத்தில் அபராதம்() மட்டும்தான் கூப்பிடப்படுகிறது. யாரும் எண்ணாததால் $திஸ்->தாமதம் தொடக்க 0விலேயே நிற்கிறது. ஒரு மெத்தட் சரியாக வேலை செய்ய வேறொரு மெத்தட் முன்கூட்டியே ஓடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் மனதில் இருக்கிறது, நிரலில் இல்லை. ஆறு மாதம் கழித்து உங்கள் மனதிலும் இருக்காது. அந்த ப்ராப்பர்ட்டியை (ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் மாறி) ப்ரைவேட் ஆக்குங்கள். தொடக்க மதிப்பை 0விலிருந்து நல் (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் சொல்) என்று மாற்றுங்கள், ஏனென்றால் 'எண்ணினேன், ஒன்றும் இல்லை' என்பதும் 'இன்னும் எண்ணவே இல்லை' என்பதும் வேறுவேறு. பிறகு தாமதம்() என்று ஒரு மெத்தட் எழுதி, அதற்குள் ஒரே ஒரு வரி:

ரிட்டர்ன் $திஸ்->தாமதம் ??= $திஸ்->எண்ணு();

எண்ணு() இனி எதையும் எங்கேயும் வைக்க வேண்டாம், எண்ணிக்கையைத் திருப்பித் தந்தால் போதும். இரண்டு கேள்விக்குறியும் சமக்குறியும் சேர்ந்த அந்தக் குறி பிஎச்பி 7.4இல் வந்தது. இடப்பக்கம் நல்லாக இருந்தால் மட்டும் வலப்பக்கத்தை ஓட்டி அதன் விடையை வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வைத்ததையே தரும். அபராதம்() மெத்தடும் வியூவும் இந்தத் தாமதம்() மெத்தடையே கேட்கட்டும். யார் முதலில் கேட்டாலும் விடை ஒன்றே. தரவுத்தளத்துக்கும் ஒருமுறைதான் போய்வரும்.

இரண்டாவது பிழை 31ஆம் வரி. மாணவர் உறுப்பினருக்கான இஃப் கிளைக்குள் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

$திஸ்->$தாமதம்

அம்புக்குறிக்குப் பிறகு ஒரு டாலர் கூடுதலாக விழுந்துவிட்டது. இது இலக்கணப் பிழை இல்லை, அதுதான் தொல்லையே. '$தாமதம் என்ற மாறிக்குள் என்ன சொல் இருக்கிறதோ, அந்தச் சொல்லைப் பெயராகக் கொண்ட ப்ராப்பர்ட்டியை எடு' என்று இதற்குப் பொருள். அந்த மெத்தடில் $தாமதம் என்று மாறியே கிடையாது. ஆகவே பெயரே இல்லாத ஒரு ப்ராப்பர்ட்டியைத் தேடுகிறது, நல் வருகிறது, நல்லை அபராத விகிதத்தால் பெருக்கினால் 0. பிஎச்பி 8இல் இதற்கு இரண்டு எச்சரிக்கைகள் வந்திருக்க வேண்டும். உங்கள் கண்ணில் படவில்லை என்றால் டிஸ்பிளே_எரர்ஸ் அணைந்திருக்கிறது. பழகும் கணினியில் அதை இன்றே இயக்குங்கள்.

குளோபல் ஏன் வேலை செய்தது? எல்லாக் கோப்புக்கும் பொதுவான ஒரு பலகையில் 7 என்று எழுதி மாட்டியதால். யார் வேண்டுமானாலும் அதை அழித்து எழுதலாம், எழுதியவர் யார் என்ற தடமும் இருக்காது.

கேள்வி: கோடிக்னைட்டர் 3 என்ற ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்ட பழைய நிரலைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் கன்ட்ரோலரில் $திஸ்->தலைப்பு என்று வைத்தால், வியூவிலும் $திஸ்->தலைப்பு என்று எடுக்க முடிகிறது. மாடலிலிருந்தும் எடுக்க முடிகிறது! யீ 2 என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்குக்குப் போனபோது இது நடக்கவில்லை. வியூவுக்குள் $திஸ் என்றால் யார்?

பதில்: மிக நல்ல கேள்வி. வியூ கோப்புக்கென்று சொந்தமாக $திஸ் கிடையாது. ஒரு மெத்தடுக்குள் இன்க்ளூட் நடந்தால், அந்த மெத்தட் எந்த ஆப்ஜெக்டுடையதோ அதுவே வியூவிலும் $திஸ். ஃபிரேம்வொர்க்குக்கு ஃபிரேம்வொர்க் இன்க்ளூட் நடக்கும் இடம் மாறுகிறது, அதனால் $திஸ் யார் என்பதும் மாறுகிறது. யீ 1.1இல் அது கன்ட்ரோலர். யீ 2இல் அது வியூ என்ற தனி ஆப்ஜெக்ட். கன்ட்ரோலர் வேண்டுமென்றால் $திஸ்->கான்டெக்ஸ்ட் வழியாகப் போக வேண்டும்.

கோடிக்னைட்டர் 3இல் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அங்கே வியூவை இன்க்ளூட் செய்வது லோடர் என்ற கிளாஸ். ஆக வியூவில் $திஸ் என்பது லோடர்தான், கன்ட்ரோலர் இல்லை. ஆனால் இன்க்ளூட் செய்வதற்கு முன்னால் லோடர் ஒரு வேலை செய்கிறது: கன்ட்ரோலரின் ப்ராப்பர்ட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன்னிடம் அந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால், ரெஃபரன்ஸாகத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் தலைப்பு வியூவில் தெரிகிறது. மாடலில் நடப்பது வேறு. அங்கே மாடலின் அடிப்படைக் கிளாஸில் __கெட் என்ற மந்திர மெத்தட் இருக்கிறது. மாடலிடம் இல்லாத ப்ராப்பர்ட்டியைக் கேட்டால் அது கன்ட்ரோலரிடம் போய் வாங்கித் தரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாங்கித் தருவதற்கு வழி இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இல்லை. மாடலுக்குள் $திஸ்->தலைப்பு = 'புதியது' என்று எழுதினால் அது கன்ட்ரோலருக்குப் போகாது; மாடலிடமே அந்தப் பெயரில் புது ப்ராப்பர்ட்டி ஒன்று முளைத்துவிடும். அந்த நொடியிலிருந்து மாடல் தன்னுடையதைப் படிக்கும், வியூ கன்ட்ரோலருடையதைப் படிக்கும். இரண்டு பக்கமும் நிரல் வரி ஒன்றே போலத் தெரியும், மதிப்பு மட்டும் வேறாக இருக்கும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நான் ஒரு முழுப் பகலைச் செலவிட்டிருக்கிறேன்.

இப்படி அறிவிக்காத ப்ராப்பர்ட்டி தானாக முளைப்பதை பிஎச்பி 8.2, வழக்கொழியப்போகும் வசதி என்று அறிவித்து எச்சரிக்கை தரத் தொடங்கியது. பழைய நிரல் வைத்திருப்பவர்கள் பலர் அந்த எச்சரிக்கையைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள். நான் மகிழ்ந்தேன். $திஸ்->தாமதம் என்பதை $திஸ்->தாமதன் என்று தவறாகத் தட்டினால், இதற்கு முன் சத்தமில்லாமல் புதிதாக ஒன்று உருவாகிவிடும். இப்போது அது வாய்திறந்து சொல்கிறது.

உங்கள் பழைய நிரலில் இப்போதைக்கு ஓடுவதை ஓட விடுங்கள். புதிதாக எழுதும் வியூக்களில் மட்டும் $திஸ் வேண்டாம். கன்ட்ரோலரிலிருந்து $தரவு என்ற அரேயில் போட்டு அனுப்புங்கள். வியூவில் $தலைப்பு என்று வெறும் மாறியாக எடுங்கள். அப்படி எழுதிய வியூவை எந்த ஃபிரேம்வொர்க்குக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

கேள்வி: மாடலில் ப்ராப்பர்ட்டியை ஸ்டாட்டிக் ஆக்கிவிட்டால் எத்தனை ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் மதிப்பு ஒன்றாகவே இருக்கும் என்று பணியில் எனக்கு மூத்தவர் சொன்னார். செய்து பார்த்தேன், எல்லா வியூவிலும் வருகிறது. இதில் என்ன தவறு?

பதில்: உங்கள் மூத்தவர் சொன்ன விளக்கம் சரி. ஸ்டாட்டிக் மதிப்பு ஆப்ஜெக்டில் இல்லை, கிளாஸில் இருக்கிறது. வழியைத்தான் நான் ஏற்க மாட்டேன். காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்த ஒரு செயலியில் 'பயனர்' என்ற மாடலுக்குள் பப்ளிக் ஸ்டாட்டிக் $நடப்பு என்று ஒன்று இருந்தது. உள்ளே நுழைந்திருப்பவரின் விவரம் அதில் உட்காரும். தலைப்புப் பட்டை, பக்கப்பட்டை, அச்சுப் பக்கம் என 14 வியூக்கள் பயனர்::$நடப்பு என்று நேராக எடுத்துக்கொண்டன. எஃப்பிஎம்மில் (சர்வரில் பிஎச்பியை ஓட்டும் வழக்கமான முறை) பல ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எஃப்பிஎம்மில் ஒவ்வொரு கோரிக்கை முடிந்ததும் ஸ்டாட்டிக் மதிப்புகள் துடைக்கப்பட்டுவிடும். அடுத்தவருக்கு எல்லாமே புதிதாகத் தொடங்கும். அந்தத் துடைப்பை நம்பித்தான் எங்கள் நிரல் இவ்வளவு காலமும் நின்றிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு வேகத்துக்காக, நீண்டநேரம் ஓடும் வொர்க்கர் முறைக்கு மாறினோம். ஸ்வூல், ரோட்ரன்னர், ஃபிராங்கன்பிஎச்பியின் வொர்க்கர் முறை எல்லாம் இந்த வகைதான்: நிரல் ஒருமுறை ஏறி நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டு, தொடர்ந்து வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும். மூன்றாம் நாள் மாலை ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். "பக்கத்தின் மேலே வேறு யாரோ ஒருவர் பெயர் வருகிறது. என் கணக்கை யாராவது திறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பதற்றம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதிவுக் கோப்பைப் பார்த்தோம். அவருக்கு 40 நொடிக்கு முன் அதே வொர்க்கரில் வேறொருவர் வந்து போயிருக்கிறார். அவர் உள்நுழைந்தவர், அதனால் $நடப்பு நிரம்பியது. அடுத்து வந்த இந்தப் பெண்மணி திறந்தது பொது அறிவிப்புப் பக்கம். அங்கே உள்நுழைவுச் சோதனை கிடையாது என்பதால் $நடப்புவை யாரும் தொடவில்லை. முன்னவர் விட்டுப்போனது அப்படியே இருந்தது. தலைப்புப் பட்டையும் அதை எடுத்துக் காட்டிவிட்டது. எங்கள் கணினியில் முதலில் இதை வரவழைக்கவே முடியவில்லை, ஏனென்றால் எட்டு வொர்க்கர்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்தன. வொர்க்கர் எண்ணிக்கையை 1 ஆக்கி, இரண்டு பிரவுசர்களைத் திறந்து வைத்துப் பார்த்தோம். முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது.

அன்றிரவே பழைய முறைக்குத் திரும்பினோம். அடுத்த இரண்டு வாரம் 14 வியூக்களையும் திருத்தினோம். கன்ட்ரோலர் பயனரைக் கண்டறிந்து $பயனர் என்ற மாறியாக வியூவுக்குக் கொடுக்கும். கொடுக்காத பக்கத்தில் அந்த மாறியே இருக்காது. பிறர் விவரம் இன்னொருவர் திரையில் வருவது நிரல் பிழைகளிலேயே மோசமான வகை. நம்மை நம்பித் தகவல் தந்தவருக்கு நாம் செய்யும் துரோகம் அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாய் கிளாஸில் இருக்கும் ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டியைச் சேய் கிளாஸ்கள் மறுபடி அறிவிக்கவில்லை என்றால், எல்லாச் சேய்களுக்கும் அது ஒன்றே. 'நூல்', 'உறுப்பினர்' என்று இரண்டு சேய் மாடல்கள், தாயில் ஒரு ஸ்டாட்டிக் $எண்ணிக்கை என்று வைத்துப் பாருங்கள். ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும்.

எல்லோருக்கும் எப்போதும் மாறாத மதிப்பு என்றால் பொதுவில் வைக்கலாம். அதற்கும் ஸ்டாட்டிக்கைவிட கான்ஸ்ட் நல்லது. கடன் நிலைகள் போன்றவற்றுக்கு பிஎச்பி 8.1இல் வந்த ஈனம் (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) இன்னும் நல்லது.

கேள்வி: லாராவெல் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறேன். மாடலில் என்னென்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரிவதற்காக பப்ளிக் $பெயர் என்று அறிவித்தேன். தரவுத்தளத்திலும் பெயர் என்ற நெடுவரிசை இருக்கிறது. வியூவில் $உறுப்பினர்->பெயர் வெறுமையாக வருகிறது. அறிவித்ததை அழித்தால் சரியாக வருகிறது!

பதில்: தெளிவுக்காகச் செய்தது பாதையை மறித்துவிட்டது. லாராவெலின் தரவுத்தளப் பகுதியான எலோக்வென்ட்டின் மாடலில் நெடுவரிசைகள் ப்ராப்பர்ட்டிகளாக இருப்பதில்லை. உள்ளே ஆட்ரிபியூட்ஸ் என்ற ஒரே அரேயில் எல்லாம் கிடக்கின்றன. $உறுப்பினர்->பெயர் என்று கேட்கும்போது அப்படி ஒரு ப்ராப்பர்ட்டி இல்லாததால் __கெட் கூப்பிடப்பட்டு, அரேயிலிருந்து எடுத்துத் தருகிறது. நீங்கள் நிஜமாகவே ஒன்றை அறிவித்துவிட்டால் __கெட்டுக்கு வேலை வராது, உங்கள் வெறும் ப்ராப்பர்ட்டியே விடையாகும். எழுதும்போதும் இதே கதைதான். $உறுப்பினர்->பெயர் = 'புதியது' என்று வைத்து சேவ் செய்தால், மதிப்பு அரேக்குள் போகாமல் ப்ராப்பர்ட்டியில் தங்கிவிடும், தரவுத்தளத்துக்குப் போகாது. பிழைச் செய்தியும் வராது. தெளிவு வேண்டுமென்றால் கிளாஸின் மேலே டாக் குறிப்பில் @ப்ராப்பர்ட்டி என்று எழுதுங்கள். எடிட்டர் அதைப் புரிந்துகொள்ளும், பிஎச்பி கண்டுகொள்ளாது.

கேள்வி: மாடல் ஆப்ஜெக்டை வேறு மெத்தடுக்கு அனுப்பும்போது & குறி போட வேண்டுமா? ஒரு பழைய பாடத்தில் கட்டாயம் என்று இருக்கிறது.

பதில்: வேண்டாம். நான் எழுதத் தொடங்கியது பிஎச்பி 4 காலத்தில். அப்போது ஆப்ஜெக்டை ஃபங்ஷனுக்கு அனுப்பினால் நகல்தான் போகும், அதனால் & கட்டாயமாக இருந்தது. 2004இல் பிஎச்பி 5 வந்தபோது ஆப்ஜெக்ட் மாதிரியே மாற்றி எழுதப்பட்டது; அன்றுமுதல் மாறிக்குள் இருப்பது ஆப்ஜெக்டைச் சுட்டும் கைப்பிடி மட்டுமே. யாரிடம் கொடுத்தாலும் கைப்பிடி அதே ஆப்ஜெக்டையே சுட்டும். தனி நகல் தேவையென்றால் க்ளோன் என்று நீங்களாகவே கேட்க வேண்டும். அரேயின் கதை வேறு, அது இன்றைக்கும் மதிப்பாகவே போகும். மாடல் தந்த அரேயை வியூவில் மாற்றினால் மாடலில் இருப்பது மாறாது.

கேள்வி: நூல் பட்டியலில் கடைசி நூல் வருவதே இல்லை. அதற்குப் பதிலாகக் கடைசிக்கு முந்தைய நூல் இரண்டு முறை வருகிறது. தரவுத்தளத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. தலைப்பு.பிஎச்பி, பட்டியல்.பிஎச்பி என்ற இரண்டு வியூக்களையும் ஒரே மெத்தடில் அடுத்தடுத்து இன்க்ளூட் செய்கிறேன்.

பதில்: முதல் பதிலில் இன்க்ளூட் பற்றிச் சொன்னதன் மறுபக்கம் இது. மாறிகள் உள்ளே வருவது போலவே, வியூவில் உருவானவை வெளியே வந்து அடுத்த வியூவுக்கும் போகும். உங்கள் தலைப்பு.பிஎச்பியில், நூல் பெயர்களின் ஓரத்து இடைவெளிகளை நீக்க ஃபார்ஈச்சில் $நூல்கள் ஆஸ் &$நூல் என்று & போட்டிருப்பீர்கள்; அது இல்லாமல் இந்த அறிகுறி வராது. சுழற்சி முடிந்த பிறகும் $நூல் என்ற பெயர் அரேயின் கடைசிக் கட்டத்தோடு கட்டப்பட்டே இருக்கிறது. பட்டியல்.பிஎச்பியில் $நூல்கள் ஆஸ் $நூல் என்று மறுபடி சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் வரும் நூல் அந்தக் கடைசிக் கட்டத்துக்குள் எழுதப்படுகிறது. மூன்று நூல்கள் என்றால்: முதல் சுற்றில் கடைசிக் கட்டத்தில் முதல் நூல், இரண்டாம் சுற்றில் அங்கே இரண்டாம் நூல். மூன்றாம் சுற்றில் அந்தக் கட்டத்தைப் படிக்கிறது, அங்கே இருப்பது இரண்டாம் நூல்தானே?

உடனடி மருந்து, முதல் சுழற்சி முடிந்ததும் அன்செட்($நூல்). நிலையான மருந்து, வியூவில் & போட்டுத் தரவை மாற்றும் பழக்கத்தையே விடுவது. கூடவே ஒவ்வொரு வியூவையும் தனி ஃபங்ஷனுக்குள் இன்க்ளூட் செய்யுங்கள், கசிவு அதற்குள்ளேயே நின்றுவிடும்.

அப்படி எழுதும்போது எல்லோரும் காட்டு($கோப்பு, $தரவு) என்று தொடங்கி, உள்ளே எக்ஸ்ட்ராக்ட்($தரவு) போட்டு (அரேயில் உள்ள பெயர்களை மாறிகளாக்கும் ஃபங்ஷன் அது), அடுத்த வரியில் $கோப்பை இன்க்ளூட் செய்வார்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. எக்ஸ்ட்ராக்ட் இயல்பாகவே, ஏற்கெனவே இருக்கும் மாறியையும் அழித்து எழுதும். $தரவு அரேயில் 'கோப்பு' என்ற பெயரில் ஒரு மதிப்பு வந்தால், நீங்கள் நினைத்த வியூவுக்குப் பதிலாக அந்த மதிப்பு சொல்லும் கோப்பு இன்க்ளூட் ஆகும். படிவத்திலிருந்து வந்த அரேயை அப்படியே எக்ஸ்ட்ராக்ட் செய்பவர், எந்தக் கோப்பைத் திறப்பது என்ற முடிவை முகம் தெரியாதவர் கையில் கொடுக்கிறார். இரண்டாவது அளவுருவாக எக்ஸ்டிஆர்_ஸ்கிப் கொடுங்கள். அரேயின் பெயர்களை எப்போதும் நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: வியூவுக்கு முழு மாடல் ஆப்ஜெக்டையும் கொடுப்பதா, தேவையான மதிப்புகளை மட்டும் கொடுப்பதா? இரண்டு பக்கமும் வாதம் கேட்டுக் குழம்பிவிட்டேன்.

பதில்: எம்விசி (நிரலை மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று பிரிப்பது) என்ற எண்ணம் 1979இல், ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழியோடு வேலை செய்துகொண்டிருந்த டிரிக்வே ரீன்ஸ்காக் என்பவரிடம் பிறந்தது. அங்கே வியூ நேராக மாடலையே கேட்கும். மேசைக் கணினியில் சாளரம் திறந்திருக்கும்வரை மாடல் உயிரோடு இருக்கும், அது மாற மாற வியூ தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பிஎச்பி பக்கத்தில் அப்படி இல்லை. கோரிக்கை வருகிறது, பக்கம் ஒருமுறை எழுதப்படுகிறது, எல்லாம் கலைகிறது. ஆகவே மாடலைக் கொடுப்பவர்களும் மூலத்துக்கு மாறாக எதுவும் செய்யவில்லை.

ஆனாலும் மதிப்புகளை மட்டும் கொடுப்பது என் வழக்கம். முழு மாடலைக் கொடுத்த வியூவில் நாளடைவில் என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்துவிட்டேன். யாரோ ஒருவர் அவசரத்தில் ஃபார்ஈச்சுக்குள் $நூல்->கடன்வாங்கியவர்() என்று ஒன்றைச் சேர்ப்பார். பட்டியலில் 200 நூல்கள் இருந்தால் தரவுத்தளத்துக்கு 200 கேள்விகள் கூடுதலாகப் போகும். வியூ கோப்பைப் பார்த்தால் அது வெறும் பெயரைக் காட்டும் வரி போலத்தான் தெரியும்.

பிஎச்பி 8.2 அல்லது அதற்குப் பிந்தையதில் இருக்கிறீர்கள் என்றால், பட்டியல்பக்கம் என்று ஒரு ரீட்ஒன்லி கிளாஸ் எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பு, நூல்கள், தாமதம், அபராதம் என்று நான்கே ப்ராப்பர்ட்டிகள், நான்குக்கும் வகை குறித்து. கன்ட்ரோலர் மாடலைக் கேட்டு இதை நிரப்பி வியூவிடம் $பக்கம் என்று கொடுக்கும். வியூவில் யாராவது $பக்கம்->தாமதம் = 0 என்று எழுதினால் அந்த இடத்திலேயே பிழை வெடிக்கும். பெயரைத் தவறாகத் தட்டினால் எடிட்டரே கோடு போட்டுக் காட்டும். அரே கொடுத்தால் இந்த இரண்டும் கிடைக்காது.

எச்டிஎம்எல்ஸ்பெஷல்கேர்ஸ் (தரவில் உள்ள எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாகக் காட்டவைக்கும் ஃபங்ஷன்) போடுவதை மட்டும் மாடலுக்குள் கொண்டுபோகாதீர்கள். அது வியூவின் வேலை, எக்கோ நடக்கும் அதே வரியில்.

முதல் கடிதம் எழுதியவருக்கு: 4ஆம் வரியை அழித்து, தாமதம்() மெத்தடை எழுதி, மூன்று கோப்புகளையும் மறுபடி அனுப்புங்கள். கூடவே கன்ட்ரோலரிலும் வியூவிலும் எடுத்த இரண்டு புது வார்டம்ப்களும் வேண்டும். இரண்டிலும் #2 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேராக 31ஆம் வரிக்குப் போகிறேன்.